மாற்றி மாற்றி மேய்த்தால் கன்று தேறுமா? சுழற்சி மேய்ச்சலும் செட்டிநாட்டுப் பொட்டலும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஐந்து பத்து ஏக்கர் செம்மண் பூமி வாங்கி, நாலு நாட்டு மாடு விடலாம் என்று இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு காணொளியையாவது பார்த்திருப்பார்கள். வெளிநாட்டுப் பண்ணை ஒன்றில் ஒருவர் கம்பியைத் தூக்குகிறார். நூறு இளங்காளைகள் அடுத்த துண்டுக்குள் ஓடுகின்றன. புல் இரட்டிப்பாகும், புழு போகும், மண் தேறும், கன்று எடை ஏறும் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் இன்னொரு செய்தியை அனுப்புகிறார்: மாற்றி மாற்றி மேய்த்த கன்றுகள் எடை குறைந்துவிட்டன என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். எதை நம்புவது?

இரண்டுமே பொய் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு பொருளை அளக்கிறார்கள். ஒருவர் ஏக்கருக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கிறார். இன்னொருவர் ஒரு கன்று எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார். இதோடு மழை எப்போது பெய்கிறது, மொத்தம் எத்தனை மாடு என்ற இரண்டும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேய்ச்சல் முறைகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் பலவும் இறைச்சிக்காக வளர்க்கும் இளங்காளைகளை வைத்து அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. இங்கே புலிக்குளம் என்ற நாட்டு இனக் கன்றை வளர்க்கிறவர் மஞ்சுவிரட்டையோ, உழவையோ, சாணியையோ, சந்தையையோ மனதில் வைத்து வளர்க்கிறார். நோக்கம் வேறு, ஆனால் பால் மறந்த கன்றின் வயிறு எங்கேயும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

முதலில் சொற்கள்

1. தொடர் மேய்ச்சல்: பருவம் முழுக்க ஒரே நிலத்தில் மாடுகளைத் திறந்து விடுவது. எங்கே மேய்வது, எதை விடுவது என்பதை மாடே முடிவு செய்கிறது.

2. சுழற்சி மேய்ச்சல்: நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு துண்டில் மட்டும் விட்டு, மற்றவற்றுக்கு ஓய்வு கொடுப்பது.

3. ஓய்வு நாள்: ஒரு துண்டில் இருக்கும் நாட்களை, மொத்தத் துண்டுகளில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது. நாலு துண்டு, துண்டுக்கு 7 நாள் என்றால் ஓய்வு 21 நாள். எட்டுத் துண்டு, 4 நாள் என்றால் 28 நாள்.

4. சுமை: மொத்த நிலத்துக்கு, மொத்தப் பருவத்துக்கு எத்தனை மாடு என்பது.

5. நெரிசல்: இந்த நிமிடம் மாடுகள் நிற்கிற துண்டில் ஏக்கருக்கு எத்தனை என்பது.

கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி சண்டை கிளம்புகிறது. 12 ஏக்கரில் 12 கன்று இருந்தால் சுமை ஏக்கருக்கு ஒன்று. அதை ஆறு துண்டாக்கி ஒன்றில் அடைத்தால் நெரிசல் ஏக்கருக்கு ஆறு. ஆனால் சுமை அதே ஒன்றுதான். கம்பி இழுத்ததால் நிலம் பெரிதாகிவிடவில்லை. சுமையை வைத்துச் சொல்ல வேண்டிய பலனை நெரிசலின் கணக்கில் எழுதுகிற காணொளிகள் நிறைய.

புல்லின் பக்கம்

கடிபட்ட புல் மூன்று கட்டமாகத் திரும்பி வளர்கிறது. முதலில் இலையே இல்லாததால் மெதுவாக வரும். கொஞ்சம் இலை வந்ததும் வெயிலைப் பிடித்து வேகமெடுக்கும். பிறகு தண்டு ஏறி, கதிர் தள்ளி, மறுபடி மெதுவாகிவிடும். நல்ல மழைக்காலத்தில் கடித்த இடத்தில் ஒரு வாரத்துக்குள்ளேயே பசும் தளிர் எட்டிப் பார்க்கும். மாடு திரும்பி வந்து முதலில் கடிப்பதும் அந்தத் தளிரைத்தான். அதனால் தொடர் மேய்ச்சலில் சில குத்துகள் முதல் கட்டத்தைத் தாண்டவே முடியாமல் திரும்பத் திரும்பக் கடிபடும். பக்கத்துக் குத்து முற்றி, தீண்டப்படாமல் நிற்கும்.

இதனால் வேரும் அடிபடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் 1955ல் வெளியிட்ட சோதனைகளில், புல்லின் இலைப் பகுதியில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் வேர் வளர்ச்சி நின்றுபோவது தெரிந்தது. அதிகம் வெட்ட வெட்ட, அதிக நாள் நின்றது. நம் செம்மண்ணும் சரளையும் தண்ணீரை அதிக நாள் பிடித்து வைக்காது. வேர் ஆழம் போகாத புல் தை கடந்தால் போய்விடும். கன்றுகள் விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புல் இப்படித்தான் மெல்ல மறைகிறது. அந்த இடத்தை ஊசிப்புல்லும் ஓராண்டுச் செடிகளும் பிடிக்கின்றன. கடைசியில் வேலிக்கருவை வந்து உட்காருகிறது.

இதுவரை படித்தால் சுழற்சிதான் வெல்லும் என்று தோன்றும். அடுத்தது கன்றின் பக்கம்.

கன்றின் பக்கம்

வளர்ந்த பசுவுக்கும் பல் போடாத கன்றுக்கும் ஒரே புல்லைப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி பிழைக்காது. தீவனத்தின் காய்ந்த எடையில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், பெருவயிற்றில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே உணவு பத்தாது. அப்போது மாடு தின்னும் அளவும் குறைந்துவிடும். பால் வற்றிய பசு கொஞ்ச காலம் அப்படித் தள்ளிவிடும். வளர்கிற கன்றுக்குச் சதை போட 11, 12 சதவீதமாவது வேண்டும். மழைக்காலத் தளிரில் இது தாராளமாக இருக்கும். கதிர் தள்ளி வெளுத்துப்போன வெப்பநாட்டுப் புல்லில் 3, 4 சதவீதம்தான் மிஞ்சும்.

கன்றுக்கு இதைச் சமாளிக்க ஒரே வழி, பொறுக்கித் தின்பது. தண்டை ஒதுக்கி இலையை எடுக்கும், முற்றிய குத்தைத் தாண்டிப் போய் தளிரைத் தேடும். திறந்த நிலத்தில் இது நடக்கும். நெருக்கி அடைத்த துண்டில் பொறுக்க நேரம் இல்லை, பக்கத்துக் கன்று தின்றுவிடும். முதல் நாள் நுனி கிடைக்கும், மூன்றாம் நாள் தண்டுதான். காணொளியில் "ஒரே சீராக மேய்ந்திருக்கிறது பாருங்கள்" என்று காட்டுகிறார்களே, அதைக் கன்றின் வயிற்றுப் பக்கம் இருந்து பார்த்தால், பிடிக்காததையும் தின்ன வைத்திருக்கிறோம் என்று பொருள்.

ஓய்வு நீண்டாலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டுப் புல்லுக்கு 40 நாள் ஓய்வு கொடுத்தால் இலை பெருகும். நம் வெயிலில் பல புல்வகைகள் அதற்குள் தண்டு ஏறிவிடும். அங்கே எழுதிய கால அட்டவணையை இங்கே ஒட்டினால் கன்றுக்கு வைக்கோல் மாதிரிதான் கிடைக்கும்.

ஆய்வுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன?

எடை குறைந்தது என்று சொல்லப்படும் ஆய்வு கொலராடோ மாநிலத்தின் குட்டைப்புல் சமவெளியில் 2014ல் தொடங்கியது. ஆண்டு மழை அங்கே சுமார் 340 மி.மீ. தலா 320 ஏக்கர் கொண்ட பத்துத் துண்டுகளில் ஒரே பெரிய மந்தையை மாற்றி மாற்றி மேய்த்தார்கள். அதே அளவு கொண்ட இன்னொரு பத்துத் துண்டுகளில், அதே மொத்த எண்ணிக்கையைப் பிரித்து விட்டுப் பருவம் முழுக்க அங்கேயே வைத்தார்கள். சுமை இரண்டிலும் சமம். மாற்றுவது எப்போது என்பதை ஆய்வாளர்கள் தாங்களாக முடிவு செய்யவில்லை. பண்ணைக்காரர்களும் இயற்கைப் பாதுகாப்பு ஆட்களும் இருந்த 11 பேர் குழு புல்லைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்தது. ஆக, விவரம் தெரியாமல் செய்தார்கள் என்று தள்ளிவிட முடியாது. 2014 முதல் 2018 வரையிலான கணக்கில், சுழற்சியில் இருந்த ஒரு வயது இளங்காளைகளின் எடை ஏற்றம் 12 முதல் 16 சதவீதம் குறைவாக இருந்தது. பெரிய மந்தையில் பொறுக்கித் தின்ன முடியாமல் போனதும், தீவனத்தில் புரதம் குறைந்ததும் காரணமாகத் தெரிந்தன.

இது ஒற்றை ஆய்வும் இல்லை. 2008ல் வந்த ஒரு தொகுப்பாய்வு உலகின் பல மேய்ச்சல் நிலங்களில் நடந்த சோதனைகளை வரிசைப்படுத்தியது. ஒரு மாட்டுக்கு எவ்வளவு ஏறியது என்று பார்த்த 38 சோதனைகளில் 35ல் தொடர் மேய்ச்சல் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஏக்கர் கணக்கில் பார்த்த 32ல் 27லும் அப்படியே.

சரி, அப்புறம் எதிர்ப்பக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆண்டு முழுக்க மழை பரவிப் பெய்யும் இடத்தில், தாயும் கன்றுமாக மூன்று ஆண்டு நடந்த ஒரு சோதனையில் சுழற்சி முறையால் மாட்டு எண்ணிக்கையை 38 சதவீதம் கூட்ட முடிந்தது. ஏக்கருக்குக் கிடைத்த கன்று எடை 37 சதவீதம் கூடியது. பால் மறக்கும் நாளில் ஒரு கன்றின் எடை மட்டும் இரு முறையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கூர்ந்து பாருங்கள்: எந்தக் கன்றும் கொழுத்துவிடவில்லை, கன்றுகள்தான் கூடின.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு கரைந்துவிடும்.

1. மழை நீண்டு, புல் வேகமாகத் திரும்பும் இடத்தில் ஓய்வுக்குப் பலன் உண்டு. அந்தப் பலனை எடுக்க மாட்டைக் கூட்ட வேண்டும். ஆதாயம் ஏக்கர் கணக்கில் வரும்.

2. மழை குறைந்து, புல் சில வாரமே வளரும் இடத்தில் ஓய்வு கொடுத்தாலும் திரும்பி வளர ஈரம் இல்லை. அங்கே மாற்றி மாற்றி அடைப்பதில் கன்று பொறுக்கும் வாய்ப்பை இழப்பதுதான் மிச்சம்.

3. எந்த இடமானாலும் சுமைதான் பெரிய காரணி. ஜோன்ஸ், சேண்ட்லேண்ட் என்ற இருவர் 1974ல் பல மேய்ச்சல் சோதனைகளைக் கூட்டிப் பார்த்துக் காட்டியது இது: ஏக்கருக்கு மாடு கூடக் கூட, ஒரு மாட்டின் எடை ஏற்றம் நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே போகும். ஏக்கருக்கான மொத்த எடை கொஞ்ச தூரம் ஏறி, பிறகு அதுவும் விழும். மூன்று மாட்டுக்கான நிலத்தில் ஆறு மாட்டை விட்டுவிட்டு எந்தச் சுழற்சியாலும் காப்பாற்ற முடியாது.

செட்டிநாடு எந்தப் பக்கம்?

இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. எண்ணைப் பார்த்தால் கொலராடோவைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். ஆடி ஆவணியில் மாலை மழை கொஞ்சம், கோடையில் ஒன்றிரண்டு இடிமழை. ஆக, மூன்று மாதம் ஜார்ஜியா, மீதிக் காலம் கொலராடோ. இதைப் புரிந்துகொண்டால் ஒரே முறையை ஆண்டு முழுக்கப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. புல் வளர்கிற அந்த மூன்று மாதம்தான் வயலில் நெல் நிற்கிறது. கண்மாயில் தண்ணீர் ஏறி, உள்வாய் என்கிற அதன் உள்பரப்பு மூழ்கிவிடுகிறது. அதனால் ஊர் மாடு முழுக்கப் பொட்டலிலும் புறம்போக்கிலும் வந்து விழுகிறது. புல்லுக்கு ஓய்வு தேவைப்படும் நேரமும் அதற்குச் சுமை உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. தை அறுப்பு முடிந்து தாள் வயல் திறக்கும்போது பொட்டலுக்கு ஓய்வு கிடைக்கிறது, ஆனால் அப்போது ஈரம் போய்விட்டது. உலகத்துச் சுழற்சி மேய்ச்சல் பாடங்களில் இந்த நெருக்கடிக்கு இடமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கிடை மாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிது இல்லை. புலிக்குளம் மாடுகளைக் கீதாரிகள் என்கிற மந்தைத் தலைவர்கள் கூட்டமாக ஓட்டிப் போய், பகலில் மேய்த்து, இரவில் ஒருவர் வயலில் கிடை போடுகிறார்கள். சாணிக்கும் கோமியத்துக்கும் வயல்காரர் கூலி கொடுக்கிறார். மந்தை ஓர் இடத்தில் தங்குவதில்லை, புல்லும் தண்ணீரும் இருக்கும் திசையில் நகர்கிறது. இதுவும் சுழற்சிதான், கம்பி இல்லாத சுழற்சி. ஒரே வேறுபாடு, பகலில் மாடு பரவி மேய்கிறது, நெருக்கி அடைப்பது இரவில் மட்டும். கன்றின் வயிற்றைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு சின்னதல்ல.

புல்லை எடை போடுவது

எத்தனை கன்று தாங்கும் என்று தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், ஓர் அரிவாள், ஒரு தராசு போதும். நிலத்தில் நல்ல இடம், மோசமான இடம் என்று பத்து இடத்தில் சட்டத்தை வீசி, உள்ளே இருக்கும் தின்னக்கூடிய புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ. பாதியை விட்டுவிட வேண்டும், வேருக்காக. மிச்சம் 200 கிலோ.

120 கிலோ கன்று தன் எடையில் சுமார் 2.5 சதவீதம் காய்ந்த எடையில் தின்னும், அதாவது நாளுக்கு 3 கிலோ. பத்துக் கன்றுக்கு 30 கிலோ. ஓர் ஏக்கர் ஆறரை நாள் தாங்கும். எட்டு ஏக்கர் ஏறத்தாழ 53 நாள். இருபது கன்று விட்டால் 26 நாள். மழைக்காலத்தில் திரும்பி வளர்வது இதற்கு மேல் கூடுதல். மாசிக்குப் பிறகு கூடுதல் எதுவும் கிடையாது, நிற்கிற புல்தான் இருப்பு. எட்டு ஏக்கரில் இருபது கன்றை விட்டுவிட்டு எத்தனை துண்டு போடலாம் என்று யோசிக்கிறவர், கேள்வியைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்.

சொந்த நிலம் இருக்கிறவர் என்ன செய்யலாம்?

1. முதல் மழைக்கு விட்டுவிடாதீர்கள். மழை பிடித்து முதல் நாலைந்து வாரம் நிலத்தில் பாதியையாவது மூடி வைக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்த வாரங்களுக்கு வைக்கோலும் பிண்ணாக்கும் கையில் இருக்க வேண்டும், அதற்காகும் செலவும் முறையின் செலவுதான்.

2. மழைக்காலத்தில் மூன்று அல்லது நாலு துண்டு போதும். துண்டுக்கு ஒரு வாரம், ஓய்வு இரண்டு அல்லது மூன்று வாரம். நாள்கணக்கை விடப் புல்லைப் பார்ப்பது நல்லது: கதிர் தள்ளத் தொடங்கும் முன் கன்று உள்ளே போக வேண்டும், பாதி உயரத்தில் வெளியே வர வேண்டும்.

3. கன்று முன்னால், தாய் பின்னால். புதுத் துண்டில் முதல் மூன்று நாள் பால் மறந்த கன்றுகளும் கிடேரிகளும் நுனியை எடுத்துக்கொள்ளட்டும். மீதித் தண்டைப் பால் வற்றிய மாடுகள் தின்னட்டும். கொலராடோவில் இளங்காளைகள் இழந்ததை இந்த ஏற்பாடு ஓரளவு தடுக்கலாம்.

4. மாசிக்குப் பிறகு துண்டுகளைத் திறந்துவிடலாம். வளராத புல்லுக்கு ஓய்வு எதற்கு? கன்று பரந்து பொறுக்கட்டும். ஒரே ஒரு துண்டை மட்டும் சித்திரைக்கு என்று நிறுத்தி வைக்கலாம்.

5. கோடையில் புல் மட்டும் போதாது. கருவை நெத்து, அகத்தி, சூபாபுல் தழை, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, தாது உப்பு என்று ஏதாவது புரதம் சேர வேண்டும். கோடையில் எடை நின்ற கன்று அடுத்த மழையில் வழக்கத்தை விட வேகமாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இளம் வயதில் அளவுக்கு மீறி ஒடுங்கிய கன்று முழுக்க மீளாது.

6. துண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் எட்ட வேண்டும், நிழலும் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் கம்பி வாங்குகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கம்பியைச் சுருட்டி வைக்கிறார்கள்.

மின்வேலி பற்றி ஒரு சொல். அதற்கென்று உள்ள கருவி நொடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவாக ஓர் அதிர்ச்சியை மட்டும் அனுப்பும். சூரிய ஒளியில் ஓடுவதும் கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், சட்டப்படி குற்றமும் கூட.

புழு

சாணியில் விழும் குடற்புழு முட்டை, சூடும் ஈரமும் இருந்தால் ஒரு வார அளவில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்லில் ஏறும். வெப்பநாட்டில் அது உணவில்லாமல் சில வாரங்களில் செத்துவிடும், குளிர்நாட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். டோங்கா தீவில் ஆடுகளை மூன்றரை நாளுக்கு ஒரு தடவை மாற்றி, பத்துத் துண்டுகளில் சுற்றவிட்டதில் புழு நன்றாகக் குறைந்தது. நாலு துண்டு, ஒரு வாரம் என்ற ஏற்பாட்டில் அந்த அளவு பலனை எதிர்பார்க்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் சாணிப் பரிசோதனை செய்து மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

சொந்த நிலம் இல்லாதவர்?

இந்தப் பக்கத்து மாடுகளில் கணிசமானவை மந்தைவெளியிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் கண்மாய் உள்வாயிலும்தான் மேய்கின்றன. அங்கே என் மாட்டை நான் நாலு வாரம் நிறுத்தினால், அந்தப் புல்லை இன்னொருவர் வெள்ளாடு தின்றுவிட்டுப் போகும். நான் இழப்பேன், புல்லும் மிஞ்சாது. அதனால் பொது நிலத்தில் சுழற்சி என்பது கம்பி வேலை இல்லை. மழை தொடங்கியதும் எந்தப் பகுதியை எத்தனை வாரம் மூடுவது, ஆடும் அதில் அடக்கமா, மீறினால் யார் கேட்பது என்று ஊர் கூடிப் பேசி முடித்தால்தான் அது நடக்கும். வயலில் வெள்ளாமை நிற்கும்போது மாடு இறங்கக் கூடாது என்பதை ஊர் இன்றும் கட்டிக் காக்கிறது. அதே கட்டுப்பாட்டை ஐந்து வாரத்துக்குப் பொட்டலில் பாதிக்கு நீட்டினால் போதும்.

கன்றின் எடையை அளப்பது

முறை பலிக்கிறதா என்பதைப் பச்சையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாதம் ஒரு தடவை நாடாவால் கன்றை அளக்க வேண்டும். முன்னங்காலை ஒட்டிய மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 45, நீளம் 38 என்றால் ஏறத்தாழ 117 கிலோ. முப்பது நாளில் அது 126 ஆனால் நாளுக்கு 300 கிராம் ஏறியிருக்கிறது. துண்டில் புல் பச்சையாக நிற்கும்போதே நாடா அசையவில்லை என்றால், கன்றுகளை நெருக்கிவிட்டோம் அல்லது புல்லை முற்றவிட்டுவிட்டோம். அடுத்த சுற்றில் இரண்டு நாள் முன்னதாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் அசையவில்லை என்றால் சந்தைக்கு இரண்டு உருப்படியை ஓட்ட வேண்டியதுதான்.